வில்லியனூரிலிருந்து மாநாட்டு மேடைக்கு: புதுச்சேரித் தகவல் கிராமங்களும் தமிழ்க் கணினி மாநாடுகளும்

முன்னுரை

தொழில்நுட்ப மாநாடு என்றவுடன் குளிரூட்டிய அரங்கு, பெரிய திரை, கழுத்தில் தொங்கும் பெயரட்டை, ஆங்கிலப் பேச்சு ஆகியவையே பலருடைய மனத்தில் தோன்றும். அத்தகைய மேடைகளுக்கும், வயலும் ஏரியும் சூழ்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1998ஆம் ஆண்டு வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய ஒரு முயற்சி, அடுத்த சில ஆண்டுகளில் உலகின் பல மாநாடுகளில் எடுத்துரைக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், கணினியைப் பற்றித் தமிழிலேயே கட்டுரை படிக்கும் மாநாடுகளும் தொடங்கின. 2014இல் அம்மாநாடு புதுச்சேரிக்கே வந்தது.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஊரின் அனுபவத்தை மேடையில் யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்னும் கேள்விகள் இரண்டிலும் அடங்கியுள்ளன.

வட்டாரப் பின்னணி

புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை என இரு நகராட்சிகளும், அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. 'கொம்யூன்' என்னும் சொல் பிரெஞ்சு ஆட்சியின் எச்சம். புதுச்சேரியின் நிலப்பரப்பு ஒரே துண்டாக இல்லை. பேருந்தில் சிறிது தொலைவு சென்றாலே தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் புதுச்சேரி ஊர் ஒன்றும் மாறி மாறி வரும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலாலும் லூர்து அன்னை ஆலயத்தாலும் அறியப்படுவது. பாகூர் மூலநாதர் கோயிலாலும் பெரிய ஏரியாலும் பெயர் பெற்றது. பாகூருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் தெரிவிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிவைப் பேணுவதற்கு ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று. எனினும் அக்கல்வி எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

வில்லியனூருக்கு அருகிலுள்ள கீழூர் அண்மைக்கால வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்குக் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அதன்பின் நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதே கீழூர், பின்னாளில் தகவல் மையம் அமைந்த தொடக்கக்கால ஊர்களுள் ஒன்றாயிற்று.

தகவல் கிராமத் திட்டம்

வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் பெயரில் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு 1998இல் இத்திட்டத்தைப் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கியது. வெ. பாலாஜி இதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலம் இதனோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார்.

கணினியைக் கொண்டுபோய் ஊரில் வைத்துவிட்டால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. முதலில் ஊர் மக்களிடம் சென்று, உங்களுக்குத் தேவையான செய்தி எது, அதை இப்போது யாரிடமிருந்து பெறுகிறீர்கள் என்று கேட்டறிந்தனர். அக்கம்பக்கத்தார், கடைக்காரர், சந்தை, தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவே மக்கள் செய்தி அறிந்துவந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் எளிய செய்திகள்தாம்: விதை, உரம் ஆகியவற்றின் விலை, நெல்லின் சந்தை விலை, அரசு உதவித் திட்டங்களுக்கு யார் தகுதியுடையோர், மருத்துவர் எந்த நாளில் இருப்பார், பேருந்து எத்தனை மணிக்கு, மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது.

வில்லியனூர் நடுவ மையமாக அமைந்தது. அங்குள்ளோர் செய்திகளைத் திரட்டித் தமிழில் தொகுத்து ஊர் மையங்களுக்கு அனுப்பினர். அக்காலத்தில் பல ஊர்களில் தொலைபேசி இணைப்பே அரிது. எனவே காவல் துறையினர் பயன்படுத்துவது போன்ற இருவழி வானொலிக் கருவிகளைக் கணினியோடு இணைத்து, பேச்சையும் தரவையும் அனுப்பினர். மின்தடை மிகுதியாதலால் சூரிய ஒளி மின்கலங்களும் பொருத்தப்பட்டன.

மையம் அமைய ஊரார் ஒரு பொதுவிடத்தைத் தர வேண்டும். அவ்விடத்திற்குச் சாதி, பால் வேறுபாடின்றி அனைவரும் வந்துபோக வேண்டும். மையத்தை நடத்தும் தொண்டர்களையும் ஊராரே தேர்ந்தெடுக்க வேண்டும். இவை திட்டத்தின் அடிப்படை விதிகள். தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிக் கல்வி மட்டுமே பெற்றிருந்த அவர்கள் கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யவும், தரவுகளைப் புதுப்பிக்கவும், வருவோர்க்கு விளக்கவும் கற்றனர்.

இவ்விதிகளின் பொருளை ஏம்பலத்தில் காணலாம். அங்குக் கோயில் கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே மையம் அமைந்தது. கோயிலுக்குள் செல்ல யாருக்கெல்லாம் தடை இருந்ததோ அவர்களும் கணினி இருந்த பகுதிக்குள் வரலாம் என்று ஊரார் ஏற்றுக்கொண்டனர். ஒரே கட்டடத்தின் ஒரு பக்கத்தில் தீட்டு பார்க்கப்பட்டது. மறு பக்கத்தில் பார்க்கப்படவில்லை. இச்செய்தி 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது.

கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் தேவை வேறாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை நடுவ மையத்தினர் நாள்தோறும் பதிவிறக்கினர். அது தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாத மீனவரும் அதைக் கேட்டுக் கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிந்தது. பிறகு வில்லியனூரிலிருந்து 'நம்ம ஊர் செய்தி' என்னும் உள்ளூர் இதழும் வெளியாயிற்று.

மேடை ஏறிய ஊர்கள்

1990களின் இறுதியில் 'எண்ணிம இடைவெளி' என்னும் சொல் உலகெங்கும் பேசப்பட்டது. கணினியும் இணையமும் உடையோர்க்கும் இல்லார்க்கும் இடையிலான வேறுபாட்டை அது குறிக்கும். அதைக் குறைக்க வழி உண்டா என்று தேடிய மாநாடுகளில், புதுச்சேரிக் கிராமங்கள் ஒரு விடையாக எடுத்துக்காட்டப்பட்டன. திட்டத்தினர் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் ஆய்வுரைகள் நிகழ்த்தினர். 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது, உலகக் கிராமம் என்னும் பிரிவில் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். பேசிய மொழி ஆங்கிலம். மையத்தை அன்றாடம் திறந்து, கூட்டி, கணினியை இயக்கி, ஊராரின் கேள்விகளுக்கு விடை தந்த பெண்கள் பெரும்பாலும் திரையில் ஒரு படமாகவே இடம்பெற்றனர். இதை ஆய்வாளர்களின் குற்றமாகச் சொல்ல முடியாது. பன்னாட்டு மாநாட்டின் அமைப்பே அத்தகையது. ஆங்கிலத்தில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும், கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும், பயணச் செலவு வேண்டும். இவை மூன்றும் ஒரு கிராமத் தொண்டருக்கு எளிதல்ல.

திட்டத்தினர் இதை உணராமல் இல்லை. 2002 முதல் நடத்தப்பட்ட பரிமாற்றப் பயிலரங்குகளில், ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களைச் சேர்ந்த பணியாளர்கள் புதுச்சேரிக் கிராமங்களுக்கே வந்து மையங்களைக் கண்டனர். அரங்கத்தில் திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக, மையத்தை நடத்துவோரிடமே நேரில் கேட்டறிந்தனர். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது விருந்தினர்களுக்கு. பேசுபவர் தம் ஊரில், தம் கணினியின் முன், தம் மொழியில் பேசலாம்.

2003இல் இந்நிறுவனம் ஜம்ஷெட்ஜி டாட்டா பெயரில் ஒரு தேசிய மெய்நிகர் கல்விக்கழகத்தை நிறுவியது. பட்டம் பெற்ற அறிஞர்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட 'ஃபெலோ' என்னும் தகுதியைக் கிராம அறிவு மையங்களில் பணியாற்றும் ஆண், பெண்களுக்கு அது வழங்கியது. 2005இல் புதுதில்லியில் நடந்த விழாவில் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அத்தகுதியை அளித்தார். பேசப்படும் பொருளாக இருந்தவர்கள் பேசும் தகுதி உடையவர்களாக ஏற்கப்பட்டதை இது காட்டுகிறது.

நல்லவாடு தந்த சான்று

எந்த மாநாட்டு உரையையும் விட வலிமையான சான்று 2004 டிசம்பர் 26 அன்று கிடைத்தது. ஆழிப்பேரலை தாக்கிய அந்தக் காலையில், சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு தம் வீட்டிற்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அச்செய்தி அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டது. மக்கள் மேட்டு நிலத்திற்கு ஓடினர். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் படகுகளும் வீடுகளும் அழிந்தன. மக்கள் உயிர் பிழைத்தனர்.

இதில் கணினியின் பங்கைவிட ஒலிபெருக்கியின் பங்கே பெரிது. ஆனால் ஊருக்கென ஒரு மையம் இருந்தது, அங்கிருந்து வரும் அறிவிப்பை நம்பும் பழக்கம் பல ஆண்டுகளாக ஏற்பட்டிருந்தது. அலை உயரத்தை நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுகள் ஆபத்துச் செய்தியையும் உடனே ஏற்றன. தொழில்நுட்பம் பயன்தருவதற்கு நம்பிக்கை முன்தேவை என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

தமிழிலேயே உரை நிகழ்த்திய மாநாடுகள்

மொழி பற்றிய கேள்விக்கு வருவோம். 1997 மே மாதம் சிங்கப்பூரில், ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 'தமிழ்நெட் 97' மாநாடு நடைபெற்றது. தமிழ் இணைய மாநாடுகளின் தொடக்கம் இதுவே. இரண்டாம் மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது.

அன்றைய சிக்கலை இன்றைய மாணவர்கள் கற்பனை செய்வது கடினம். ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீட்டு எண்களை வைத்திருந்தது. ஒரு கணினியில் 'அம்மா' என்று எழுதியது, அதே எழுத்துரு இல்லாத மறு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எனவே உரை நிகழ்த்தச் செல்வோர் தம் கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்வட்டில் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இக்கட்டுரையாளருக்கும் அந்த அனுபவம் உண்டு. பள்ளிப் பணியில் இருந்த காலத்தில், ஆசிரியர் பயிற்சி ஒன்றில் விளக்குவதற்காகப் பல இரவுகள் அமர்ந்து தமிழில் பத்து ஸ்லைடுகள் தட்டச்சு செய்து எடுத்துச் சென்றேன். திரையில் விழுந்தவை வெறும் கட்டங்கள். என் பெயர்கூடக் கட்டங்களாகவே இருந்தது. பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். அன்று தமிழில் தவறில்லை, கணினியிலும் தவறில்லை. இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு எட்டப்படாததே காரணம்.

அந்த உடன்பாட்டைத் தேடியவை இம்மாநாடுகளே. 1999 சென்னை மாநாட்டில் நடந்த உரைகள், விவாதங்கள் ஆகியவற்றின் விளைவாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. இவற்றுக்கு இணையாக, வெளிநாடு வாழ் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'டிஸ்கி' என்னும் முறையை உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் இத்துறையில் முன்னின்று உழைத்தனர். 2000இல் சிங்கப்பூர் மாநாட்டின்போது 'உத்தமம்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. பின்னர் கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன் எனப் பல இடங்களில் மாநாடு கூடியது. 2010 ஜூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு இணைந்து நடைபெற்றது. அந்த ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி பரவியபின் கட்டங்களின் தொல்லை பெரும்பாலும் நீங்கியது.

2014 செப்டம்பர் 19 முதல் 21 வரை பதின்மூன்றாம் தமிழ் இணைய மாநாடு காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. புதுச்சேரியில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 'இணையம் கற்போம்' என்னும் நூலை எழுதிய பேராசிரியர் மு. இளங்கோவன் போன்றோர் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் தமிழ் இணையப் பயிலரங்குகளை நடத்தி வந்தனர். முன்பு வெளிநாடு செல்ல வேண்டியிருந்த மேடை, வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள மாணவர் நகரப் பேருந்து ஏறிச் சென்றடையும் தொலைவுக்கு வந்தது.

மாநாட்டு உரை எவ்வாறு அமைகிறது?

மாணவர் பயன் கருதி இதைச் சுருக்கமாக விளக்கலாம். மாநாட்டுக் குழு முதலில் கட்டுரைகளுக்கான அறிவிப்பை வெளியிடும். அதற்கு விடையாக ஆய்வுச் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். துறை வல்லுநர்கள் அதைப் படித்துத் தேர்ந்தெடுப்பர். பின்னர் முழுக் கட்டுரை எழுதப்பட்டு, மாநாட்டுத் தொகுப்பில் அச்சாகும். மேடையில் பொதுவாகப் பதினைந்து அல்லது இருபது நிமிடங்களே கிடைக்கும். முடிவில் அவையோர் கேள்வி கேட்பர்.

தொழில்நுட்ப உரைகளில் விளக்கத்தைவிடச் செய்துகாட்டலுக்கு மதிப்பு அதிகம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் சுட்டி, மீயுரை, தொலைவிலிருந்தே இருவர் ஒரே ஆவணத்தில் பணியாற்றும் முறை ஆகியவற்றை 90 நிமிடங்கள் நேரில் இயக்கிக் காட்டினார். அக்காலத்தில் பவர்பாயிண்ட் இல்லை. அது 1987இல்தான் வந்தது. கருவி வேலை செய்வதை அவையோர் கண்ணால் கண்டதே அவ்வுரையின் வெற்றி. வில்லியனூர் வட்டாரத்திற்கு வந்த விருந்தினர்கள் பெற்றதும் அத்தகைய நேரடிக் காட்சியே.

புதுச்சேரி அனுபவத்திலிருந்து மூன்று பாடங்களைப் பெறலாம். முதலாவது, கருவியைச் சொல்வதற்கு முன் தேவையைச் சொல்ல வேண்டும். வீராம்பட்டினத்தில் வானொலிக் கருவியின் அலைவரிசையைவிட, கடலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்னும் வீட்டாரின் கவலையே முதலில் வர வேண்டியது. இரண்டாவது, செய்தவரின் பெயரும் பங்கும் உரையில் இடம்பெற வேண்டும். கூடுமானால் அவரே மேடையில் நிற்க வேண்டும். மூன்றாவது, குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் எல்லாரும் ஒரே அளவில் பயன் பெற்றனர் என்று சொல்லும் உரை, அடுத்து முயல்பவருக்கு வழிகாட்டாது.

அண்மைக்கால மாற்றங்கள்

கைப்பேசி பரவியபின் ஊர் மையங்களின் பழைய தேவை குறைந்தது. விலை நிலவரமும் பேருந்து நேரமும் கையிலேயே கிடைக்கின்றன. அலை அறிவிப்பு 'மீனவ நண்பன்' என்னும் கைப்பேசிச் செயலியாக வளர்ந்தது. ஆனால் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் பேசியது. கைப்பேசி அதை வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுகிறது. இந்த வேறுபாடு ஆராயத்தக்கது.

மாநாடுகளும் மாறிவிட்டன. 2023 ஜனவரி 28, 29 நாள்களில், டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருள் குழுவினரின் சிறு மாநாடு விழுப்புரத்தில் நடந்தது. பெருநகரங்களுக்கே உரியதாக இருந்த இத்தகைய கூட்டம், வில்லியனூர் வழியாக இரயிலில் சென்றடையக்கூடிய ஓர் ஊரில் நடந்தது குறிப்பிடத்தக்கது. அங்குள்ள கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி அளித்து வருகிறது.

முடிவுரை

1998இல் வில்லியனூரில் தொடங்கிய முயற்சி, ஊர் மக்களின் தேவையைக் கேட்டு அதன்பின் கருவியைத் தேர்ந்தது. அதன் வெற்றி உலக மேடைகளில் ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. தமிழ் இணைய மாநாடுகள் அதே காலத்தில் தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தன. எழுத்துருச் சிக்கலால் தமிழில் உரை நிகழ்த்த இயலாது என்னும் நிலை இன்று இல்லை. உரிய மேடையும் தொலைவில் இல்லை.

எஞ்சியிருப்பது ஒன்றுதான். ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு ஆகிய ஊர்களில் அம்மையங்களை நடத்திய பெண்கள் இன்று நடுவயதைக் கடந்தவர்களாய் இருப்பர். அவர்களுடைய நினைவுகளை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்தல் வேண்டும். இப்பகுதி மாணவர்கள் தத்தம் ஊரில் அத்தகையோர் இருந்தால், ஒரு கைப்பேசியோடு சென்று அமர்ந்து, கேட்டு, எழுதி, அடுத்த மாநாட்டிற்கு ஓர் ஆய்வுச் சுருக்கமாக அனுப்பலாம். உரை நிகழ்த்தும் நாளில் அந்த அம்மையாரையும் உடன் அழைத்துச் சென்று மேடையேற்றினால், இருபதாண்டுகளுக்கு முன் விடுபட்ட ஒரு பக்கம் நிறைவு பெறும்.